எஞ்சினுக்கு வைத்த பங்கு

என் அக்காவின் கணவரை அவர் வேலை பார்த்த பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மிச்சம்' என்றுதான் கூப்பிடுவார்கள். மிச்சம் வந்தாச்சா, மிச்சத்தைக் கேளு, மிச்சம் பார்த்தால்தான் இது சரிவரும் என்று பெரிய அதிகாரி முதல் வாசல் காவல்காரர் வரை அதே பேச்சு. அதற்காக அவர் யாரிடமும் கோபித்துக்கொண்டது கிடையாது. கோபத்திலும் பாதியை எடுத்து வைத்துவிடுகிற மனுஷன் என்று நான் சொல்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்கள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. ஸ்கூட்டரில் பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டார். அடுப்பில் ஒரு கேஸ் சிலிண்டர் இருந்தால் நிறைந்த சிலிண்டர் ஒன்று பக்கத்தில் காவலுக்கு நிற்க வேண்டும். புது சோப்பை அலமாரியில் வைத்த பிறகுதான் பழைய சோப்பைத் தொடுவார். அக்காவைப் பார்க்க முதல் முறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தட்டில் வைத்த இரண்டு பிஸ்கட்டில் ஒன்றைத் தின்றுவிட்டு மற்றதை அப்படியே விட்டார். பிடிக்கவில்லையா என்று அம்மா கேட்டதற்கு, இருக்கட்டுங்க என்றார். நான் அடுப்படிக்கு ஓடிப்போய், இந்த ஆளைக் கட்டிக்கொண்டால் உன் மேல் பாதி ஆசைதான் வைப்பார், மீதியை டப்பாவில் போட்டு மூடி வைத்துவிடுவார் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு கூடத்தில் உட்கார்ந்திருந்தவருக்கே கேட்டது. அதற்கும் அவர் கோபப்படவில்லை.

அவருக்கு வேலை ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில். சீருடை கிடையாது, எலெக்ட்ரீஷியன். அதிலும் ரேடியோ வண்டி என்றால் அவர்தான். ஒரே வண்டிக்குள் நான்கு ரேடியோ இருக்கும் என்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முன்னால் போயிருப்பவர்களோடு பேச ஒன்று, பின்னால் இருக்கும் மேலதிகாரியோடு பேச ஒன்று, வானத்தில் பறக்கிறவர்களுக்கு ஒன்று, இது எதுவும் கைகொடுக்காமல் போனால் எடுத்துப் பேச ஒன்று. நான்குக்கும் கரண்ட் வேண்டும். வண்டியில் இருப்பதோ எஞ்சினைக் கிளப்ப வைத்த பேட்டரி. ரேடியோவில் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் அது கொஞ்சமாகக் குடிக்கும், பேச ஆரம்பித்தால் மடக்மடக்கென்று குடிக்கும். நான்கு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் சொல்லவே வேண்டாம். இதையெல்லாம் சாப்பிடுகிற இடத்தில் டம்ளர்களை வரிசையாக வைத்து விளக்குவார். அக்கா ஒவ்வொரு டம்ளராக எடுத்துக்கொண்டு போய்விடுவாள். உங்க ரேடியோ எல்லாம் கழுவுற தொட்டியில கிடக்கு, எந்திரிங்க என்பாள்.

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஆளாளுக்குக் கிடைத்த போல்ட்டில் வயரைச் சுற்றிக்கொள்வார்களாம். ஒருவர் பேசினால் அடுத்தவர் காதில் கொய்யென்று இரைச்சல். ஒரு ரேடியோ மக்கர் செய்தால் நான்கும் சேர்ந்து படுத்துவிடும். இவர்தான் ஒவ்வொன்றுக்கும் தனி வயர், தனி ஃப்யூஸ் என்று பிரித்து இழுத்தார். இரைச்சல் நின்றது. அவர் வயரிங் செய்த வண்டியில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டில் பேசுகிற மாதிரி கேட்கும் என்று பெயர் வாங்கினார்.

அந்தப் பெயர்தான் அவரை முதலில் அடித்தது. மகள் பிறந்த வருஷம், மழைக்காலம். அவர் கையால் வயரிங் செய்த வண்டி ஒன்று ஆற்றங்கரையில் நின்றிருக்கிறது. எஞ்சின் ஓடினால் அந்தச் சத்தத்தில் ரேடியோ கேட்காது என்று எஞ்சினை அணைத்துவிட்டு, நான்கு ரேடியோவையும் போட்டுக்கொண்டு பகல் முழுக்கப் பேசியிருக்கிறார்கள். கணீரென்று கேட்டிருக்கிறது, கேட்காமல் என்ன. சாயங்காலம் தண்ணீர் ஏறியதும் டிரைவர் சாவியைத் திருப்பியிருக்கிறார். டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பேட்டரியை ரேடியோக்கள் ஒட்டக் குடித்திருந்தன. வண்டியில் இருந்தவர்களில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை.

அவர் மேல் யாரும் குற்றம் சொல்லவில்லை. எஞ்சினை அணைத்து வைத்துப் பேசியது அவர்கள் செய்த காரியம். ஆனாலும் அவர் வீட்டுக்கு வந்து கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பட்டறைக்குத் திரும்பிப் போனதும் அந்தப் பெட்டியைச் செய்ய ஆரம்பித்தார்.

கையகலப் பெட்டி. பேட்டரிக்கும் ரேடியோக்களுக்கும் நடுவில் உட்காரும். பேட்டரி இறங்க இறங்க முக்கியமில்லாத ரேடியோவை முதலில் நிறுத்தும், அப்புறம் அடுத்தது, அப்புறம் அடுத்தது. பாதி அளவுக்கு வந்ததும் எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டு ஒரு சிவப்பு விளக்கைப் போடும். அதற்கு மேல் எந்தக் கொம்பன் வந்து சுவிட்சைத் தட்டினாலும் ஒரு துளி கரண்ட் ரேடியோவுக்குப் போகாது. மீதி இருப்பது எஞ்சினுக்கு வைத்த பங்கு என்பார். பேச்சு நின்றால் நிற்கட்டும், வண்டி கிளம்ப வேண்டும். ரேடியோக்காரர்கள் அவரைத் திட்டாத திட்டு இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே வாயைப் பொத்துகிறது இந்தப் பெட்டி என்பார்கள். 'மிச்சம்' என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான்.

பிறகு ஒரு நாள் ஒரு டிரைவர் பழக்கூடையோடு வீடு தேடி வந்தார். எங்கேயோ மாட்டிக்கொண்ட இடத்தில் ரேடியோ எல்லாம் நின்றுபோயும் எஞ்சின் மட்டும் ஒரே சுற்றில் கிளம்பியதாம். அவர் அத்தானின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அக்கா அந்தப் பழங்களை நறுக்கித் தெருவுக்கே கொடுத்தாள். அன்றைக்குத்தான் நான் அவரைக் கேலி செய்யாமல் ஒரு முழு நாள் இருந்தேன்.

இப்படியே வருஷங்கள் போயின. மகளைக் கட்டிக் கொடுத்தார்கள், அவள் தூரத்து ஊருக்குப் போய்விட்டாள். என் வாழ்க்கையில் கல்யாணம் என்று ஒன்று வந்தது, வந்த வேகத்தில் போனது. அதை இங்கே சொல்லப்போவதில்லை. அக்கா வீட்டுக்குக் கீழே கடைத்தெருவைப் பார்த்த அறையில் நான் தையல் கடை போட்டேன். அவர்கள் மாடியில், நான் கீழே. சாப்பாடு ஒரே அடுப்பில்.

அக்காவுக்கு நுரையீரல் கெட்டியாகிக்கொண்டு வருகிறது என்று டாக்டர் சொன்னபோது, அவள் மாடிப்படி ஏறும்போது நான்கு படிக்கு ஒரு தரம் நிற்பது ஏன் என்று எங்களுக்குப் புரிந்தது. மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஆக்சிஜன் மெஷின்தான் என்றார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் மெஷின். கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன பீரோ உயரத்துக்கு நின்றுகொண்டு, ஒரு நிமிஷம்கூட ஓயாமல் புஸ் புஸ் என்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். அடுப்படி வரை நடந்து போக நீளக் குழாய் போட்டார்கள். உங்க அக்காவைக் கயித்துல கட்டிப் போட்டாச்சு, இனிமே உன்கூட சண்டைக்குக் கீழ வர முடியாது என்று அவளே சொல்லிச் சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும். இருமல் வந்தால் அவர் ஓடிவந்து முதுகைத் தடவுவார்.

எங்கள் தெருவின் கரண்ட் லட்சணம் எல்லாருக்கும் தெரியும். காற்றடித்தால் போகும், அடிக்காவிட்டாலும் போகும். முதலில் ஆபத்துக்கு ஒரு ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். அக்காவுக்கு அது ஆகவே இல்லை. தலைமாட்டில் வெடிகுண்டு நிற்கிற மாதிரி இருக்கு, கண்ணை மூட முடியவில்லை என்று புலம்பினாள். அத்தான் யோசித்தார். ஓடாத எஞ்சினை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க ரேடியோக்களுக்குக் கரண்ட் கொடுத்த மனுஷனுக்கு ஒரு மெஷினை ஓட வைப்பது பெரிய விஷயமா.

பழைய பேட்டரி விற்கிற கடையில் இரண்டு பெரிய பேட்டரிகளைத் தட்டிப் பார்த்து வாங்கி வந்தார். பேட்டரி கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற இன்வெர்ட்டர் ஒன்று வாங்கினார். வீட்டுக் கரண்ட் நின்றால் மெஷின் தானாகப் பேட்டரிக்கு மாறும், வந்தால் தானாகத் திரும்பும். சார்ஜரை மட்டும் தன் கையால்தான் போடுவார். சார்ஜ் ஆகும்போது பேட்டரியில் வாயு வரும், பக்கத்தில் ஆள் வேண்டும் என்பார். மாடிப்படி திரும்புகிற மூலையில் ஒரு மர அலமாரி செய்து எல்லாவற்றையும் அடுக்கினார். எவ்வளவு சுத்தமான வேலை தெரியுமா, ஒவ்வொரு வயரும் நேராக, கட்டுக்கட்டாக. நடுவில், பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையில், பட்டறையில் செய்கிற அதே பெட்டியை வீட்டில் உட்கார்ந்து புதுசாகச் செய்து வைத்தார். அக்கா கட்டிலில் சாய்ந்து அவர் அந்தப் பெட்டிக்குள் திருப்புளியை வைத்து அளவு திருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும்தான் பார்த்தேன்.

அன்றைக்கே சிலிண்டரைத் திருப்பி அனுப்பச் சொன்னாள் அக்கா. இவர் செஞ்சு வெச்சிருக்கறப்ப எனக்கு அந்தக் குண்டு எதுக்கு என்றாள். அவர் இருக்கட்டுமே என்று இழுத்தார். அவள் விடவில்லை. சிலிண்டர் படியிறங்கிப் போனதும் அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன். அடுத்த சில மாதங்களில் எத்தனையோ முறை கரண்ட் போனது, அரை மணி, ஒரு மணி. மெஷின் ஒரு மூச்சு தவறவில்லை. பட்டறையில் வண்டிகளுக்குக் கொடுத்ததைத்தான் எனக்கும் கொடுத்திருக்கார் என்று பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் பெருமை அடித்துக்கொள்வாள்.

அன்று காலையில் அவர் வேலைக்குப் போன கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது. எங்கள் பகுதி டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிட்டது, சாயங்காலம் ஆகும் என்றார்கள். எனக்குப் பயம் வரவில்லை. பேட்டரி இருந்தது. அலமாரியில் பச்சை விளக்கு எரிந்தது. மத்தியானம் மேலே போய் அக்காவுக்குச் சோறு போட்டேன், தலை வாரி விட்டேன். முடியை இழுத்து இழுத்து வாரறே, இது என்ன துணியா என்றாள். அப்போதும் பச்சைதான் எரிந்தது. கீழே வந்து மிதி மெஷினில் உட்கார்ந்தேன். தெருவில் ஒவ்வொரு கடை வாசலிலும் ஜெனரேட்டர் போட்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் எதிரில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது.

மூன்று மணிக்கு மேல் தலைக்கு மேல் ஃபேன் சுற்றியது. கரண்ட் வந்துவிட்டது. பரவாயில்லையே, சீக்கிரம் வந்துவிட்டதே என்று அக்காவிடம் சொல்லத்தான் மாடிக்குப் போனேன். மெஷின் எப்போதும்போல புஸ் புஸ் என்று ஓடிக்கொண்டிருந்தது. குழாய் அவள் மூக்கில் இருந்தது. தூங்குகிறாள் என்றே நினைத்தேன். ஜன்னல் கதவைச் சாத்தினேன், வெளிச்சம் முகத்தில் அடிக்கிறதே என்று. பிறகுதான் அவள் கையிலிருந்த செல்போன் மெத்தையில் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்தேன்.

அவள் அவரைக் கூப்பிட்டிருக்கிறாள். திரும்பத் திரும்ப அவரைத்தான். ராணுவப் பட்டறையில் செல்போனை வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள், அது அவளுக்கும் தெரியும். படிக்குக் கீழே நான் இருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை. மூச்சு முட்டுகிறபோது கணக்கா பார்ப்பார்கள், மெஷின் நின்றது, செய்தவரைக் கூப்பிட்டாள். எனக்கு அது புரிகிறது. புரிந்தாலும் வயிறு எரிகிறது, இன்றைக்கும்.

மகள் வந்தாள், அழுதாள், எல்லாம் நடந்து முடிந்தது. கரண்ட்காரர்களைச் சும்மா விடக்கூடாது என்றாள் மகள். வந்தவர்கள் எல்லாரும் கரண்டைத்தான் திட்டினார்கள். பேட்டரி தீர்ந்துபோச்சு பாவம் என்றார்கள். அத்தான் மூலையில் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் நகர்ந்த ஒரு காலையில் நான் படியேறும்போது, அலமாரி முன்னால் குந்தியிருந்தார். பேட்டரியில் மீட்டரின் இரண்டு முனைகளையும் வைத்துப் பிடித்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இன்னும் இருக்கு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. என்ன இருக்கு என்று கேட்டேன். அவர் சொன்னார். குரல் ஏறவுமில்லை இறங்கவுமில்லை, வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னார். பேட்டரி தீரவில்லை. பாதி வந்ததும் பெட்டி கத்தரித்துவிட்டது. வண்டிக்குத் திருகுகிற அளவுக்கே இதையும் திருகியிருக்கிறார். இருபத்தைந்து வருஷமாகத் திருகிய கை. எதற்காக அந்த அளவு என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, யோசிக்காமலே அந்த இடத்தில் வந்து நின்றுவிட்டது.

நான் நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்தேன். என் வாயைப் பற்றித்தான் முதலிலேயே சொன்னேனே.

"எந்த வண்டியைக் கிளப்பறதுக்கு அத்தான் அதை எடுத்து வெச்சீங்க? இந்த வீட்டுல எந்த எஞ்சின் நிக்குது?"

அவர் மீட்டரின் வயரைச் சுற்றி அதன் உறையில் போட்டார். நான் எழுந்து கீழே போய்விட்டேன். அதற்குப் பிறகு சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைப்பேன், திரும்பி வருவேன். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மேல் எனக்கு இருந்தது கோபம் இல்லை, அதைவிட மோசமானது. என் அக்காவின் உயிர் அந்தப் பெட்டிக்குப் பின்னால் பத்திரமாக இருந்தது, அவளுக்குத்தான் கிடைக்கவில்லை. தைக்கும்போது அந்த நினைப்பு வரும். தையல் கோணிப்போகும், பிரித்துத் தைப்பேன்.

மகள் ஊருக்குத் திரும்பிப் போனாள். தினமும் மத்தியானம் போன் செய்வாள். செய்தால் முதல் கேள்வி ஒன்றுதான். அம்மாவோட பேட்டரி எப்படிப்பா தாங்காம போச்சு, நீ செஞ்சது எப்படிப்பா நிக்கும் என்று கேட்பாள். அவள் பழி சொல்லவில்லை, நம்ப முடியாமல் கேட்டாள். அவர் தினமும் பார்த்துச் சொல்றேம்மா என்பார். மாடி வராந்தாவில்தான் சிக்னல் சரியாகக் கிடைக்கும் என்பதால் அங்கே நின்று பேசுவார், எனக்குக் கீழே கேட்கும். வேலைக்குப் போகவில்லை. பட்டறையிலிருந்து இரண்டு முறை ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பிறகு அந்த நாள். சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கடையில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. புஸ் புஸ். அக்கா மேலே இருக்கிறாள் என்று மனசு ஒரு கணம் நம்பிவிட்டது. துணியைப் போட்டுவிட்டுப் படியேறினேன்.

வீட்டுக் கரண்ட் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைக் கழற்றித் தரையில் வைத்திருந்தார். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு நேராக, சிவப்பும் கறுப்புமாக இரண்டு கிளிப் போட்டு இணைத்திருந்தார். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் தலையணை மேல் கிடந்து யாருக்கோ காற்று விட்டுக்கொண்டிருந்தது. அவர் ஸ்டூலில் மீட்டரை வைத்துவிட்டுக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன பண்றீங்க என்று கேட்டேன். அத்தனை நாளில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"லோடு குடுத்துப் பாக்கறேன்."

அன்றைக்குப் பிறகு சார்ஜர் போடவே இல்லை, அன்று மிச்சமிருந்தது அப்படியே உள்ளே இருக்கிறது என்றார். மீட்டர் காட்டுவதை நம்ப முடியாது. சும்மா இருக்கும்போது எல்லாப் பேட்டரியும் நல்ல பேட்டரி மாதிரிதான் காட்டும், மெஷினை மாட்டி இழுக்க வைத்தால்தான் அதன் வண்டவாளம் வெளியே வரும். இதுவோ பழைய கடைச் சரக்கு. பாதி இருப்பதாகக் காட்டிவிட்டுக் கொஞ்ச நேரத்தில் படுத்துவிடுகிற பேட்டரியை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அவள் முதல் முறை அவரைக் கூப்பிட்டதிலிருந்து கரண்ட் வந்தது வரை ஒன்றரை மணி நேரம். மிச்சமிருந்தது அந்த ஒன்றரை மணி நேரம் ஓடியிருக்குமா என்று பார்க்க வேண்டும். ஒரு முறைதான் பார்க்க முடியும், ஓட்டினால் அது தீர்ந்துவிடும்.

"ஓடிச்சுன்னா?" என்றேன்.

"ஓடிச்சுன்னா நான்தான்."

"ஓடலைன்னா?"

"ஓடலைன்னா பேட்டரி."

நான் கதவில் சாய்ந்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முதலில் அது ஓட வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஓடட்டும், ஒன்றரை மணி நேரமும் ஓடட்டும், இந்த மனுஷன் உட்கார்ந்து கேட்கட்டும். அக்கா மூச்சுக்குத் தவித்த நேரத்தை ஒவ்வொரு நிமிஷமாக இவர் எண்ணட்டும். இந்தத் தண்டனையை நான் கொடுக்கவில்லை, தானாகக் கிடைக்கிறது என்று எனக்கு ஒரு திருப்திகூட வந்தது. மெஷின் ஓடியது. அரை மணி ஓடியது, முக்கால் மணி ஓடியது.

அவர் மெஷின் பக்கமாகத் தலையைச் சாய்த்தார். பேட்டரி இறங்கினால் சத்தம் லேசாகக் கம்மும், அதற்குக் காது கொடுக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. சத்தம் கம்மவில்லை. முதல் நிமிஷம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. அவர் உதடு ஏதோ முணுமுணுத்தது. காது கொடுத்துக் கேட்டேன். நில்லு, நில்லு என்று மெஷினிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். நல்ல பேட்டரியாகப் பார்த்துப் பார்த்து வாங்கி வந்த மனுஷன், அது கெட்ட பேட்டரியாக இருக்க வேண்டும் என்று கெஞ்சினார். கை முழங்காலைத் தடவிக்கொண்டே இருந்தது. எத்தனையோ இரவுகள் அக்கா முதுகைத் தடவிய கை. எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. நானும் மனசுக்குள் நில்லு என்று சொல்ல ஆரம்பித்தேன். சனியன் பிடித்த மெஷின் நிற்கவில்லை. ஒரு மணி தாண்டிவிட்டது.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மகள்தான், அவள் கூப்பிடுகிற நேரம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எடுக்காமல் விட்டால் அந்தப் பெண் பதறிவிடும். பார்த்துக்கோம்மா என்று சைகை காட்டிவிட்டு வராந்தாவுக்குப் போனார்.

நான் யோசிக்கவே இல்லை. எழுந்து படி மூலைக்குப் போனேன். சிவப்பு கிளிப்பைப் பிடித்து இழுத்தேன். படீரென்று பொறி பறந்து விரல் சுட்டது. மெஷின் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது, உடனே கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கிளிப்பைத் திரும்ப மாட்டினால் ஓடிவிடுமே என்று, மாட்டின மாதிரி இருக்கட்டும் என பேட்டரியின் பிளாஸ்டிக் விளிம்பில் கவ்வ வைத்தேன். அதற்குள் அவர் போனைக் காதில் வைத்தபடியே ஓடிவந்தார்.

"நின்னுபோச்சு அத்தான்" என்றேன்.

"தானாவா?"

"தானாத்தான்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றரை மணிக்கு இன்னும் இருந்தது, கால் மணிக்கும் குறைவுதான். பிறகு அலமாரியைப் பார்த்தார். நான்கு ரேடியோ வண்டியில் ஒரு திருகாணி அரைச் சுற்று தளர்ந்திருந்தால் வாசலில் நின்றே கண்டுபிடிக்கிறவர். பிளாஸ்டிக்கைக் கவ்விக்கொண்டிருந்த சிவப்பு கிளிப்பின் மேல் அவர் கண் போய் நின்றது. அப்புறம் என் கைக்கு வந்தது. சுட்ட விரலை முந்தானைக்குள் மறைத்தேன். போனில் மகள் அப்பா, அப்பா, என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

அவர் கைக்கெட்டும் தூரத்தில் ஸ்டூல் மேல் மீட்டர் இருந்தது. அதன் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்தால் போதும். நான் அவர் முகத்தையே பார்த்தேன். வைக்காதீங்க அத்தான் என்று வாய்விட்டுக் கேட்க வந்தது, கேட்டால் எல்லாம் கெட்டுவிடும். அவர் குனிந்து மெஷினின் சுவிட்சை அணைத்தார். கத்தல் நின்றது. அந்த அறையில் நான் அப்படி ஒரு அமைதியை அதற்கு முன் கேட்டதில்லை.

"பேட்டரி பழசும்மா" என்று போனில் சொன்னார். கண் என் மேலேயே இருந்தது. "லோடு குடுத்துப் பாத்தேன். தாங்கல."

அந்தப் பக்கம் மகள் அழுவது எனக்கே கேட்டது. அழாதேம்மா, கடைக்காரன் ஏமாத்திட்டான்மா என்றார். சொல்லிவிட்டு அவரும் அழுதார். நான் மீட்டரை எடுத்து உறையில் போட்டு வைக்கலாமா என்று பார்த்தேன். பிறகு அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் அதைத் தொடப்போவதில்லை.